நடந்து போகிற தூரம்: அமெரிக்க நகரங்களும் வேலைக்குப் போகும் வழியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நகர வாழ்வைப் பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் சின்னதாகத் தோன்றும்: அமெரிக்க நகரங்களில் மக்கள் வேலைக்கு நடந்து போவது. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "அங்க யார் சார் நடக்கிறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் நம் ஊர்ப் பெற்றோர் சொல்லும் முதல் குறையே, கார் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியவில்லை என்பதாகத்தான் இருக்கிறது.

இந்த நிலைக்கு அமெரிக்கர்களின் சோம்பலைக் காரணம் காட்டுவது சுலபம். கார் மோகத்தைக் காட்டுவது அதைவிடச் சுலபம். இரண்டும் போதாது என்பதே என் கட்சி. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே இருந்த தூரத்தைச் சட்டமும் வரியும் சாலை விதியும் கைகோத்து வளர்த்தன. அப்படி வளர்ந்த பிறகும் நடப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு தரப்பினர். பக்கத்திலேயே குடியிருக்கப் பணம் உள்ளவர்கள் ஒரு தரப்பு. கார் வைத்துக்கொள்ளப் பணம் இல்லாதவர்கள் இன்னொரு தரப்பு. நடுவில் இருந்த பெருங்கூட்டம் எங்கே போயிற்று என்பதை இன்று பார்ப்போம்.

கணக்கெடுப்பு சொல்வது

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்ற கேள்வி முதன்முதலில் 1960-இல் இடம்பெற்றது. அன்று உழைப்பாளர்களில் 9.9 விழுக்காட்டினர், ஏறத்தாழ 64 லட்சம் பேர், நடந்து போனார்கள். 1970-இல் அது 7.4 ஆயிற்று, 1980-இல் 5.6, 1990-இல் 3.9. 2008 முதல் 2012 வரையிலான ஆண்டுகளுக்கான கணக்கில் 2.8. நாட்டின் மக்கள்தொகை பெருகிக்கொண்டே போக, நடப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல், 2.2 விழுக்காடு. அதே ஆண்டில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள் 17.9 விழுக்காடு. வேலைக்கு நடப்பவரைப்போல எட்டு மடங்கு ஆட்கள் வேலைக்குப் போகவே இல்லை!

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. சென்ற வாரம் வழக்கமாக எப்படிப் போனீர்கள் என்று கேட்டுவிட்டு, பல வழிகளில் போயிருந்தால் அதிக தூரம் கடந்த ஒரு வழியை மட்டும் குறிக்கச் சொல்கிறது படிவம். புரூக்ளினில் பத்து நிமிடம் நடந்து, சுரங்க ரயிலேறி, மன்ஹாட்டனில் இறங்கி, மறுபடி பத்து நிமிடம் நடப்பவர் ரயில் பயணி என்ற கட்டத்தில் போய்விடுவார். அவருடைய இருபது நிமிட நடை எந்தக் கட்டத்திலும் வராது. நியூயார்க்கில் வேலைக்கு நடப்பவர்கள் 10.3 விழுக்காடு என்று 2008–2012 கணக்கு சொன்னாலும், அந்த ஊரின் காலைத் தெருக்களைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள். அரசு எதை எண்ணவில்லையோ அதற்குப் பணம் ஒதுக்குவதும் அரிது.

தூரம் வளர்ந்த கதை

1850-ஆம் ஆண்டின் பாஸ்டனை 'நடை நகரம்' என்று வரலாற்றாசிரியர் சாம் பாஸ் வார்னர் வருணிக்கிறார். டிராம் தடங்களையொட்டி வளர்ந்த புறநகர்களைப் பற்றி அவர் எழுதி 1962-இல் வெளியான நூல் இத்துறையில் முன்னோடி. 1850-இன் ஊர், மையத்திலிருந்து சுமார் இரண்டு மைலுக்குள் அடங்கியிருந்தது. கப்பல் வணிகரும் துறைமுகக் கூலியும் சில தெருக்கள் தள்ளித் தள்ளி வாழ்ந்தார்கள்; இருவரும் வேலைக்கு நடந்தார்கள். அந்தக் கூலியின் வீடு நெரிசலும் நோயும் மிகுந்த இடம் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய ஊரைப் பொற்காலமாக்க நான் வரவில்லை.

1888-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பொறியாளர் பிராங்க் ஸ்பிராக் மின்சார டிராம் தொடரை வெற்றிகரமாக ஓட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டே பாஸ்டனுக்கும் மின்சார டிராம் வந்தது. ஊர் தடங்களைப் பிடித்துக்கொண்டு நீண்டது. ஆனாலும் டிராம் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்தாக வேண்டும். ஆகவே வீடுகள் நெருக்கமாகவே எழுந்தன, மூலைக் கடை பிழைத்தது.

பெரிய வெட்டு விழுந்தது 1926-இல். ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்தை ஒட்டியுள்ள யூக்ளிட் என்ற சிற்றூர், இன்ன நிலத்தில் வீடு, இன்ன நிலத்தில் கடை, இன்ன நிலத்தில் தொழிற்சாலை என்று மண்டலம் பிரித்தது. ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம் வழக்குப் போட்டது. ஊர் செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி வீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டு எழுதியது அந்தத் தீர்ப்பு. புகை கக்கும் ஆலையை வீட்டுப் பக்கத்திலிருந்து விலக்குவது நல்லதுதான். ஆலையோடு சேர்த்துத் தையற்கடை, மளிகைக்கடை, அலுவலகம், வாடகைக் குடியிருப்பு எல்லாவற்றையும் விலக்கியதில்தான் வினை வந்தது. வேலை இருக்கும் இடத்தில் வீடு இருக்கக் கூடாது என்பது நாடெங்கும் உள்ளூர்ச் சட்டமாயிற்று.

பிறகு பணம் வந்தது. 1934-இல் தொடங்கப்பட்ட கூட்டரசு வீட்டுக்கடன் காப்புறுதி அமைப்பு புறநகர்த் தனி வீடுகளுக்குத் தாராளமாகக் கைகொடுத்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஒதுக்கியது. 1947-இல் நியூயார்க்குக்கு வெளியே லாங் ஐலண்டில் லெவிட்டவுன் எழத் தொடங்கியது. 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், வேலையெல்லாம் வேறெங்கோ. 1956-இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் விரைவுச்சாலைக்குச் செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டரசே ஏற்கும் என்றது. நூறு ரூபாய் வேலைக்குப் பத்து ரூபாய் போட்டால் போதும் என்றால் எந்த மாநிலம் வேண்டாம் என்று சொல்லும்?

தெரு யாருக்கு

தூரம் ஒரு பக்கம் வளர, பக்கத்தில் வேலை உள்ளவனும் நடக்கத் தயங்கும்படி தெருவின் உரிமை கைமாறியது. 1920-களின் தொடக்கத்தில் கார் மோதி இறந்தவர்களில் பெரும் பகுதியினர் தெருவில் நடந்தவர்கள், அவர்களிலும் குழந்தைகள் ஏராளம். மக்களின் கோபம் ஓட்டுநர் மீதே திரும்பியது. 1923-இல் சின்சினாட்டி நகரில் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓட முடியாதபடி ஒவ்வொரு காரிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்பது கோரிக்கை. கார் வணிகர்கள் திரண்டு எதிர்த்துப் பிரசாரம் செய்தார்கள். வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது.

கார்த் தொழில் அந்தப் போராட்டத்தில் பாடம் படித்துக்கொண்டது. குறுக்கே நடப்பவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்யும் பிரசாரம் ஊர்தோறும் நடந்தது. 1925-இல் லாஸ் ஏஞ்சலஸ் கொண்டுவந்த போக்குவரத்துச் சட்டம், நடப்பவர் குறித்த இடத்தில் மட்டுமே சாலையைக் கடக்கலாம் என்றது. பிற நகரங்கள் அதைப் பின்பற்றின. வரலாற்றாசிரியர் பீட்டர் நார்ட்டன் இந்த வரலாற்றை 2008-இல் விரிவாக எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளுக்குள் விபத்துக்குப் பொறுப்பு ஓட்டியவர் தலையிலிருந்து நடந்தவர் தலைக்கு மாறிவிட்டது. அதுவரை தெருவுக்குள் கார்தான் விருந்தாளி. அதன் பிறகு கால்தான் அத்துமீறல்.

ஊரே நடந்த நாட்கள்

அமெரிக்காவில் வேலைக்கு நடந்த நடைகளிலேயே பெருமைக்குரியது அலபாமா மாநிலத்து மாண்ட்கமரியில் நடந்தது. 1955 டிசம்பர் 1 அன்று, டிபார்ட்மென்ட் ஸ்டோரில் தையல் வேலை முடித்து வீடு திரும்பிய ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். பேருந்துப் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் அவர்கள். 381 நாட்கள் அவர்கள் வேலைக்கு நடந்தார்கள், அல்லது ஒருவர் காரில் பலர் போனார்கள்.

அந்த நாட்களின் சின்னச் சின்னச் செய்திகளில்தான் எனக்கு ஈடுபாடு. வாடகைக் கார் வைத்திருந்த கறுப்பின ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான பத்து சென்ட்டுக்கே ஆளை ஏற்றினார்கள்; 45 சென்ட்டுக்குக் குறைவாக வாங்கக் கூடாது என்ற விதியைக் காட்டி நகராட்சி அதை முடக்கியது. பகிர்ந்து ஓடிய கார்களுக்கு உள்ளூர்க் காப்பீடு மறுக்கப்பட்டது; லண்டனிலிருந்து காப்பீடு பெற வேண்டியிருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களை வெள்ளைக்கார எசமானிகள் பலர் தாங்களே காரில் போய் அழைத்து வந்தார்கள். பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமே! அப்படி அழைத்து வராதீர்கள் என்று மேயர் கெய்ல் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார், பலர் கேட்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் இந்தப் போராட்டத்தைப் பற்றி 1958-இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே நடை இருக்கிறது.

அவர்கள் அத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்கு மன உறுதி முதற்காரணம். ஊர் இன்னும் நடந்து கடக்கும் அளவில் இருந்ததும் ஒரு காரணம். பின்னர் மாண்ட்கமரிக்கு வந்த விரைவுச்சாலைகள் கறுப்பின மக்களின் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போயின. ஐ-85 சாலையின் தடம் முடிவான காலத்தில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் தலைவராக இருந்த சாம் எங்கல்ஹார்ட், இனப் பிரிவினையைக் காக்கப் புறப்பட்ட வெள்ளையர் மன்றங்களின் தலைவர்களில் ஒருவர். இன்று அந்த ஊரில் அப்படி ஒரு புறக்கணிப்பு நடத்த நினைத்தாலும் கால் எட்டாது.

இன்னொரு நடை 1980 ஏப்ரலில் நியூயார்க்கில். சுரங்க ரயிலும் பேருந்தும் வேலைநிறுத்தத்தால் பதினொரு நாட்கள் நின்றன. புரூக்ளின் பாலத்தின் மேல் கூட்டம் கூட்டமாக மக்கள் வேலைக்கு நடந்தார்கள். மேயர் எட் காச் பாலத்தில் நின்று உற்சாகமாகக் குரல் கொடுத்தார். அலுவலக உடையும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக, ஹீல்ஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பெண்கள் போகும் வழக்கம் அந்த வேலைநிறுத்தத்தில்தான் பரவியது என்பார்கள். அந்தப் பாலம் 1883-இல் திறந்தபோதே வண்டிப் பாதைக்கு மேலே, நடப்பவர்களுக்கென்று உயர்த்திக் கட்டிய தளத்தோடு வந்தது. தொடக்கத்தில் நடக்க ஒரு சென்ட் கட்டணம். 1891-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நூறு ஆண்டு முந்திய பொறியாளர் ஒருவர் நடப்பவனுக்கு இடம் ஒதுக்கி வைத்ததால் ஒரு நகரம் அந்தப் பதினொரு நாட்களைச் சமாளித்தது.

சாலையைக் கடப்பது

இனி ஒரு சாலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். போர்ட்லாந்தில் நகர்மையத்துத் தெருக்கட்டங்கள் 200 அடிக்கு 200 அடி. சால்ட் லேக் சிட்டியில் 660 அடிக்கு 660. போர்ட்லாந்தின் கட்டங்கள் ஒன்பதை அதற்குள் வைத்துவிடலாம். சால்ட் லேக் தெருக்களின் அகலமோ, நடைபாதையும் சேர்த்து, 132 அடி. மாட்டு வண்டித் தொடர்கள் திரும்ப இடம் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒதுக்கியது என்பார்கள். போர்ட்லாந்தில் 200 அடி நடந்தால் ஒரு மூலை வரும், வழி மாற்றலாம், கடை வரும். சால்ட் லேக்கில் 660 அடி நடந்தாலும் அதே சுவர்தான்.

2000-இல் அந்த நகரம் ஓர் ஏற்பாடு செய்தது. சாலை கடக்கும் இடங்களில் கம்பத்தில் ஒரு குழல். அதில் சில ஆரஞ்சுக் கொடிகள். ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட்டியபடியே கடந்து, எதிர்ப் பக்கத்துக் குழலில் போட்டுவிட வேண்டும். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் கோட்டும் கைப்பையுமாக அலுவலகம் போகிறவர், ரயில்வே கேட்மேன் மாதிரி கொடியசைத்துக்கொண்டு தெருவைக் கடக்கும் காட்சி, தெரு யாருக்கு என்பதைச் சொல்லிவிடுகிறது.

சிக்னலைப் பாருங்கள். நடப்பவர் நொடிக்கு மூன்றரை அடி போவார் என்று வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது 2009-இல் வந்த தேசியக் கையேட்டு விதி. அதற்கு முன் நான்கு அடி. கைத்தடியோடு போகும் மூதாட்டிக்கு இரண்டுமே அதிகம்தான். பல ஊர்களில் பொத்தானை அழுத்தினால்தான் நடப்பவருக்கு விளக்கு வரும். அழுத்தாவிட்டால் பச்சை கார்களுக்கு மட்டும்.

பாஸ்டனின் பனியும் அப்படித்தான். சாலையில் விழும் பனியை நகராட்சி வண்டி வந்து தள்ளிவிடும். நடைபாதைப் பனியைக் கட்டட உரிமையாளர், பனி நின்ற மூன்று மணி நேரத்துக்குள், குறைந்தது 42 அங்குல அகலத்துக்கு அகற்ற வேண்டும். ஒருவர் அகற்றுவார், பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இருக்கமாட்டார். வண்டி சாலையிலிருந்து தள்ளிய பனி தெருமூலையில் இடுப்புயர மேடாகக் குவிந்துவிடும். சுத்தமான நடைபாதையில் வந்தவர் அந்த மேட்டில் ஏறி, சறுக்கி, இறங்கித்தான் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். 2014–15 குளிர்காலத்தில் அங்கே 110.6 அங்குலப் பனி விழுந்தது. அப்போதும் அந்த ஊர் நடந்தது.

இன்று நடப்பவர்கள்

2008–2012 கணக்கின்படி பெருநகரங்களில் முதலிடம் அதே பாஸ்டனுக்கு, 15.1 விழுக்காடு; அடுத்து வாஷிங்டன், 12.1. சின்ன ஊர்களில் நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவில் 42.4 விழுக்காட்டினர் வேலைக்கு நடந்தார்கள். அங்கே கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒஹையோவின் ஏதன்ஸ், பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் என்று பட்டியலில் தொடர்பவையும் பல்கலைக்கழக ஊர்களே. விடுதி, வகுப்பறை, நூலகம், உணவகம், வேலை எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தால் அமெரிக்கரும் நடக்கிறார். மலையேறியும் நடக்கிறார், பனியிலும் நடக்கிறார். சோம்பல் என்ற வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. நான்கு ஆண்டுகள் நடந்த அந்த இளைஞர் பட்டம் வாங்கியதும் கார் வாங்குகிறார். மாறியது அவர் குணமா, அவர் குடிபோன இடமா?

இன்னொரு முனையில், ஆண்டு வருமானம் 10,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்களில் 8.2 விழுக்காட்டினர் வேலைக்கு நடப்பதாக அதே கணக்கு காட்டியது. அவர்களைப் போன்ற ஒருவரின் கதை 2015-இல் டெட்ராய்ட்டில் செய்தியாயிற்று. தொழிற்சாலைத் தொழிலாளி, ஐம்பதைத் தாண்டியவர், மணிக்கு 11 டாலருக்கும் குறைந்த கூலி. பத்தாண்டுகளுக்கு முன் அவருடைய பழைய கார் நின்றுபோனது. புதிது வாங்க வழியில்லை. வேலையோ 23 மைல் தள்ளி ரோசெஸ்டர் ஹில்ஸ் என்ற புறநகரில். பாதி வழிக்குப் பேருந்து உண்டு. மீதியைப் போகவும் வரவுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 மைல் நடந்தார், 34 கிலோமீட்டர். பேருந்து ஏன் முழு வழியும் போகவில்லை? பேருந்துக்கான வரியில் சேராமல் விலகிக்கொள்ளும் உரிமை அந்த வட்டாரத்துப் புறநகர்களுக்கு இருந்தது. ரோசெஸ்டர் ஹில்ஸ் விலகியிருந்தது.

செய்தி வந்ததும் நாடு உருகியது. சுமார் மூன்றரை லட்சம் டாலர் நன்கொடை சேர்ந்தது. கார் விற்பனையாளர் ஒருவர் புதிய கார் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். கொடுத்தவர்களின் மனசைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேருந்து மறுநாளும் அதே இடத்தில்தான் நின்று திரும்பியது; அடுத்த தொழிலாளி அங்கிருந்து நடந்திருப்பார். அந்த விலகல் உரிமையை, ரோசெஸ்டர் ஹில்ஸ் அடங்கிய ஓக்லாந்து மாவட்டத்து வாக்காளர்கள் 2022 நவம்பரில்தான் முடித்துவைத்தார்கள்.

இதற்கிடையே நடப்பது ஆபத்தாகவும் ஆகிவிட்டது. 2009-இல் அமெரிக்கச் சாலைகளில் 4,109 பாதசாரிகள் வாகனம் மோதி இறந்தார்கள். 2022-இல் 7,500-க்கும் மேல். நாற்பது ஆண்டுகளில் இதுவே அதிகம். இறப்புகளில் பெரும்பகுதி இருட்டிய பிறகு, அகலமான வேகச் சாலைகளில் நடக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் சாலைகள் அவை.

திருத்த முடியுமா

முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று, கார் நிறுத்தும் இடத்தைப் பற்றியது. அமெரிக்க நிறுவனங்கள் பல ஊழியருக்கு இலவசமாகக் கார் நிறுத்த இடம் தருகின்றன. அந்தச் சலுகைக்கு, 2024-இல் மாதம் 315 டாலர் வரை, வருமான வரி கிடையாது. பேருந்து, ரயில் சீட்டுக்கும் வரிவிலக்கு உண்டு. நடந்து வருபவருக்கு ஒன்றும் இல்லை. காரில் வருபவருக்கு அரசே மாதாமாதம் பரிசு கொடுப்பது போலத்தான் இது.

கலிபோர்னியா 1992-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளியே இடம் வாடகைக்கு எடுத்து ஊழியருக்கு இலவச நிறுத்தம் தரும் நிறுவனங்கள், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் அப்படிக் கொடுத்த எட்டு நிறுவனங்களைப் பேராசிரியர் டொனால்டு ஷூப் ஆராய்ந்தார். தனியாகக் காரோட்டி வருவோர் 17 விழுக்காடு குறைந்தார்கள். நடந்தும் சைக்கிளிலும் வருவோர் 39 விழுக்காடு கூடினார்கள். தொடக்க எண்ணிக்கை சின்னது என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒன்று தெளிவு: அங்கே யாரும் புதுச் சாலை போடவில்லை, அறிவுரை சொல்லவில்லை, கார்க்காரருக்கு மட்டும் போன பணத்தை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். நடக்கும் தூரத்தில் இருந்தவர்கள் நடந்தார்கள்.

வேறு கட்டுகளும் அவிழ்கின்றன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்ற விதியை பஃபலோ நகரம் 2017-இல் கைவிட்டது. குறுக்கே கடப்பவரைப் பிடித்து அபராதம் போடும் வழக்கத்தை வர்ஜீனியா 2021-லும் கலிபோர்னியா 2023-லும் தளர்த்தின; நியூயார்க் நகரம் 2024-இல் அதைக் குற்றமல்ல என்றே ஆக்கியது. நடைபாதையைச் செப்பனிடுவது வீட்டுக்காரர் பாடு என்றிருந்த டென்வரில், அதைப் பொதுச் செலவாக்க 2022-இல் மக்கள் வாக்களித்தார்கள். நூறு ஆண்டில் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும் வேலை இது. நகரின் நடுவே சாதாரணச் சம்பளக்காரர் குடியிருக்க வீடு கட்ட இடம் கொடுக்காதவரை, இத்தனையும் பணக்காரத் தெருக்களை அழகுபடுத்துவதோடு நின்றுவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த அவையில் இருக்கும் மாணவர்களில் சிலர் நாளை அந்த நாட்டுக்கு வேலைக்குப் போவீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். புதுக் கார் ஒன்றை வைத்துக் காப்பாற்ற அங்கே ஆண்டுக்குச் சுமார் 12,000 டாலர் ஆகிறது என்பது அமெரிக்க மோட்டார் சங்கத்தின் கணக்கு, மாதம் ஆயிரம். தொலைவில் மலிவாகத் தெரியும் வீட்டின் வாடகையோடு அந்த ஆயிரத்தையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்களில் நகரமைப்புப் படிப்பவர்கள், எந்த நாட்டில் வரைபடம் போட்டாலும், வீட்டிலிருந்து வேலைக்கு எத்தனை பேர் நடந்து போக முடியும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். அந்தத் தூரத்தைப் பிற்காலத்தில் குறைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்க நகரங்களே சாட்சி.